ராணுவ ரகசியத்தை எதுக்கு இன்னொரு நாட்டுக்குக் கொடுக்குறாங்க? தெரிஞ்சவங்க சொல்லுங்க

கோவை_டிசைனர்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா மனசுல உறுத்திக்கிட்டே இருக்குற கேள்வி. நான் விமான பாகங்களுக்கு டிசைன் பண்ற ஒரு கம்பெனில இருக்கேன். வெளிநாட்டுல இருந்து எங்களுக்கு வர்ற 3டி மாடல்ல சில சமயம் நடுவுல என்ன இருக்குன்னே தெரியாது, வெறும் பொட்டி மாதிரி ஒரு கட்டம் மட்டும் இருக்கும், அதைத் தாங்குற பிராக்கெட்டை நாங்க போட்டுத் தரணும். ஒரு தடவ போன்ல பேசும்போது அந்தப் பொட்டிக்குள்ள எவ்ளோ சூடு வரும்னு கேட்டுட்டேன். அந்தப் பக்கம் பேசிட்டு இருந்தவர் அப்படியே நிறுத்திட்டார். மறுநாள் எங்க மேனேஜருக்கு மெயில் வந்துச்சு, நான் ஏன் கேட்டேன்னு விளக்கம் எழுதித் தர வேண்டியதாப் போச்சு. பிராக்கெட் சூட்டுல வலுவிழந்துடக் கூடாதேன்னு தான் கேட்டேன், வேற ஒரு எண்ணமும் கிடையாது. அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல.

இங்க ஒரு பிராக்கெட்டுக்கே இவ்ளோ கெடுபிடி. ஆனா 2021 செப்டம்பர்ல ஆக்கஸ்னு ஒரு மூணு நாட்டுக் கூட்டணி அறிவிச்சு, அணுசக்தில ஓடுற நீர்மூழ்கிக் கப்பலையே ஆஸ்திரேலியாவுக்குத் தரோம்னு அமெரிக்காவும் பிரிட்டனும் சொல்றாங்க. அதே மாதிரி டிடிசிபின்னு அஞ்சு நாடு சேர்ந்து ராணுவ ஆராய்ச்சிய பல வருஷமா பகிர்ந்துக்கிறாங்கன்னு படிச்சேன். இந்தப் பழக்கத்தை யார் ஆரம்பிச்சு வச்சது, உண்மையிலேயே எதைக் கொடுக்குறாங்க எதை மறைக்கிறாங்க, கொடுத்தவன் ஏமாந்த கதை இருக்கா? தெரிஞ்சவங்க கொஞ்சம் விரிவா சொல்லுங்க.

பழைய_ரேடார்காரன்:

தம்பி, சரியான கேள்வி கேட்டிருக்கீங்க. நான் இருபத்திரெண்டு வருஷம் ரேடார் பராமரிப்புல இருந்தவன். ரேடாருக்கு அலையை உண்டாக்குற மேக்னட்ரானை மாத்தப் போறப்ப வாட்ச்சைக் கழட்டி வச்சுட்டுத்தான் கிட்டவே போவோம், அதோட காந்தம் அப்படி, சாதா ஸ்பேனரை எடுத்துட்டுப் போனா கையில இருந்து பிடுங்கிக்கும். அதனால இந்தக் கதை எனக்கு ரொம்ப நெருக்கமான கதை, நீளமா எழுதினா பொறுத்துக்கங்க.

நீங்க கேட்ட பழக்கம் ஒரு கறுப்புத் தகரப் பொட்டில ஆரம்பிச்சதுன்னு சொல்லலாம். 1940. பிரான்ஸ் விழுந்தாச்சு, பிரிட்டன் தனியா நிக்குது, அமெரிக்கா இன்னும் போருக்கு வரல. அந்த வருஷம் பிப்ரவரி 21 அன்னிக்கு பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்துல ராண்டல், பூட்னு ரெண்டு பேர் ஒரு செம்புக் கட்டைல ஓட்டை குடைஞ்சு செஞ்ச கேவிட்டி மேக்னட்ரானை ஓட விட்டாங்க. சுமார் 10 சென்டிமீட்டர் அலை, அதுக்கு முன்னாடி யாரும் அந்த அலைல பாக்காத பவர். அலை சின்னதா ஆனா ஆன்டெனாவும் சின்னதாகும், விமானத்துல வைக்கலாம், கடல் மட்டத்துல தலை நீட்டுற நீர்மூழ்கியைக் கூடப் பிடிக்கலாம். ஆனா அதை ஆயிரக்கணக்குல செய்ய பிரிட்டன்கிட்ட ஃபேக்டரியும் இல்ல, ஆளும் இல்ல, தலைக்கு மேல குண்டு விழுந்துக்கிட்டு இருக்கு.

ஹென்றி டிஸார்ட்னு ஒரு விஞ்ஞானி, அரசாங்கத்துக்கு ஆலோசகரா இருந்தவர், அவர் சொன்னது இதுதான்: பதிலுக்கு என்ன தருவீங்கன்னு பேரம் பேசாம நம்மகிட்ட இருக்குறதை எல்லாம் அமெரிக்காகிட்ட காட்டிடுவோம். சர்ச்சிலுக்கு முதல்ல மனசு ஒப்பல, அமெரிக்கா போருக்குக் கிட்ட வராம ரகசியத்தை அள்ளிக் கொடுக்கணுமான்னு தயங்கினார். கடைசில சரின்னுட்டார்.

பொட்டியை எடுத்துட்டுப் போன பொறுப்பு போவென்ற வேல்ஸ்காரர் தலைல. முந்தின நாள் ராத்திரி லண்டன்ல ஒரு ஹோட்டல்ல தங்கினார், ஹோட்டல் லாக்கருக்குள்ள பொட்டி நுழையல, கட்டிலுக்கு அடியில வச்சுட்டுப் படுத்தார். காலைல டாக்ஸிக்காரர் அதை வண்டிக்குள்ள ஏத்த மாட்டேன்னுட்டார், கூரை மேல போட்டுக் கட்டிக் கொண்டு போனாங்க. யூஸ்டன் ஸ்டேஷன்ல ஒரு போர்ட்டர் அதைத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டு கூட்டத்துக்குள்ள விறுவிறுன்னு போயிட்டார், போவென் பின்னாடியே ஓட வேண்டியதாப் போச்சு. உள்ள மேக்னட்ரான் மட்டுமில்ல, ஜெட் எஞ்சின் விவரம், இலக்குக்குக் கிட்டப் போனதும் தானா வெடிக்கிற ஃபியூஸ் பத்தின விவரம்னு அந்த நாட்டோட முக்கால்வாசி ரகசியம் அதுல இருந்துச்சு. லிவர்பூல்ல கப்பல் ஏறி செப்டம்பர் முதல் வாரம் கனடால ஹாலிஃபாக்ஸ் போய்ச் சேர்ந்தாங்க.

அடுத்து நடந்தது எனக்கு இன்னும் பிடிக்கும். அமெரிக்காவுல பெல் லேப்ஸ்ல அதை நகல் எடுக்க ஆரம்பிச்சவங்க எக்ஸ்ரே எடுத்துப் பாத்தா உள்ள எட்டு ஓட்டை இருக்கு, வரைபடத்துல ஆறுதான் இருக்கு. கோவமா போவெனைக் கூப்பிட்டுக் கேட்டாங்க, அவருக்கும் ஒண்ணும் புரியல. இங்கிலாந்துல செஞ்சவர்கிட்ட விசாரிச்சா, மொத்தம் 12 செஞ்சோம், முதல் பத்துக்கு ஆறு ஓட்டை, பதினொண்ணாவதுக்கு ஏழு, பன்னெண்டாவதுக்கு எட்டு போட்டுப் பாத்தோம்னார். போவென் கைக்கு வந்தது பன்னெண்டாவது. அந்த ஒரு நிமிஷத்துல அமெரிக்காக்காரன், நம்மை ஏமாத்துறாங்கன்னு முடிவு பண்ணியிருந்தா எல்லாம் அங்கேயே முடிஞ்சிருக்கும். போன் பண்ணிக் கேட்டாங்க, உண்மையைச் சொன்னாங்க, வேலை ஓடுச்சு. அந்த வருஷக் கடைசிக்குள்ளயே அமெரிக்காவோட எம்ஐடி பல்கலைக்கழகத்துல ரேடார் ஆராய்ச்சிக்குன்னு ரேடியேஷன் லேபரட்டரி ஆரம்பிச்சு, உச்சத்துல நாலாயிரம் பேர் வரைக்கும் அதுல வேலை பாத்தாங்க. இன்னிக்கு நம்ம வீட்டு மைக்ரோவேவ் அடுப்புக்குள்ள இருக்குறதும் அந்த மேக்னட்ரானோட வம்சம் தான்.

ஆனா பதிலுக்கு எல்லாம் கிடைச்சுதான்னா இல்ல. பிரிட்டன் ஆசைப்பட்டுக் கேட்ட நார்டன் குண்டுவீச்சுக் கருவியை அமெரிக்கா அப்போ தரல. கொடுத்தவன் கணக்குப் பாக்காம கொடுத்தான், அதனாலதான் வேலை நடந்துச்சுங்கிறது என் எண்ணம்.

வாசுகி_வரலாறு:

ரேடார் அண்ணா, படிச்சு முடிச்சுட்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்துட்டேன், அருமையா எழுதியிருக்கீங்க. ஆனா தம்பி கேட்ட அடுத்த கேள்வி, கொடுத்தவன் ஏமாந்தானான்னு, அதுக்கு ஆமான்னு தான் நான் சொல்லுவேன்.

அணுகுண்டு ஆராய்ச்சில பிரிட்டன்தான் முதல்ல முன்னாடி இருந்துச்சு. 1941-ல குண்டு செய்ய முடியும்னு சொன்ன அவங்களோட மாட் கமிட்டி அறிக்கை போனப்புறம்தான் அமெரிக்கா இதுல முழு மூச்சா இறங்குச்சு. 1943 ஆகஸ்ட்ல கனடாவோட கியூபெக்ல அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் சேர்ந்து செய்வோம்னு கையெழுத்துப் போட்டு, பிரிட்டன் விஞ்ஞானிகள் அமெரிக்கா அணுகுண்டு செஞ்ச லாஸ் அலமோஸுக்கே போனாங்க. அடுத்த வருஷம் ரெண்டு தலைவரும் ஹைட் பார்க்ல, போர் முடிஞ்சாலும் இந்த ஒத்துழைப்பு தொடரும்னு இன்னொரு தாள் எழுதிக்கிட்டாங்க. ரூஸ்வெல்ட் இறந்தப்புறம் அமெரிக்காகிட்ட இருந்த பிரதியைத் தேடினா கிடைக்கல. அணுகுண்டு வேலைக்கு டியூப் அலாய்ஸ்னு ரகசியப் பேர் போட்டிருந்ததால ஏதோ கப்பல் சம்பந்தப்பட்ட காகிதம்னு நினைச்சு கடற்படை ஃபைல்ல வச்சுட்டாங்க, பல வருஷம் கழிச்சுதான் வெளிய வந்துச்சு. ஒரு நாட்டோட நம்பிக்கை ஒரு தப்பான ஃபைல்ல கிடந்துருக்குன்னு நினைச்சா வயிறு எரியுது.

1946 ஆகஸ்ட்ல மெக்மஹோன் சட்டம் வந்துச்சு. அணு விஷயத்தை எந்த வெளிநாட்டுக்கும் தரக் கூடாது, பிரிட்டன் கனடாவுக்கும் சேர்த்துத்தான். அந்தச் சட்டத்துக்கு ஓட்டுப் போட்டவங்கள்ல ரொம்பப் பேருக்கு கியூபெக் ஒப்பந்தம்னு ஒண்ணு இருக்குறதே தெரியாது, அவ்ளோ ரகசியமா வச்சிருந்தாங்க. ரகசியம் வச்சதே ரகசியத்தைப் பகிர்ந்துக்கிட்டவனுக்கு எதிரா திரும்பிடுச்சு.

சரி இன்னொரு பக்கமும் சொல்லணும், இல்லன்னா நியாயமா இருக்காது. லாஸ் அலமோஸுக்குப் போன பிரிட்டன் குழுவுல கிளாஸ் ஃபுக்ஸ்னு ஒருத்தர், எல்லாத்தையும் சோவியத்துக்குக் கொடுத்துக்கிட்டு இருந்தார். ரெண்டு நாடும் திரும்ப சேரலாம்னு பேசிக்கிட்டு இருந்த நேரத்துல, 1950 பிப்ரவரில அவரைக் கைது பண்ணாங்க. பேச்சு அதோட நின்னுச்சு. அதனால கோவை தம்பி, உங்களுக்கு வந்த அந்த மெயிலுக்குப் பின்னாடி எழுபது எண்பது வருஷத்து பயம் இருக்கு. உங்களை சந்தேகப்பட்டது தப்புதான், ஆனா அந்த பயம் சும்மா வந்ததில்ல.

பிரிட்டன் என்ன பண்ணுச்சு, தானே தனியா செஞ்சு 1952 அக்டோபர் 3 அன்னிக்கு ஆஸ்திரேலியாவுக்குப் பக்கத்துல மான்டெ பெல்லோ தீவுல வெடிச்சுக் காட்டுச்சு. அதுக்கப்புறமும் கதவு திறக்கல. திறந்து வச்சது சோவியத்தோட முதல் செயற்கைக்கோள் ஸ்புட்னிக். 1957 அக்டோபர் 4 அது மேல போச்சு, அதே மாசம் 25-ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவரும் பிரிட்டன் பிரதமர் மேக்மில்லனும் சேர்ந்து ஆராய்ச்சில ஒண்ணா நிப்போம்னு அறிவிச்சுட்டாங்க. மூணே வாரம்! டிடிசிபிங்கிறது அந்த அறிவிப்புல இருந்து பிறந்தது தான். 1958 ஜூலைல அணு ஒப்பந்தமும் ஆச்சு. அதனால ரேடார் அண்ணா மனசு வச்சுக் கொடுத்ததா சொன்னாலும், எனக்கென்னவோ எதிரி பயந்தான் எல்லாத்தையும் திறந்து விட்டதா தோணுது.

பழைய_ரேடார்காரன்:

வாசுகிம்மா, நீங்க சொல்றதை மறுக்கல. பயம் கதவைத் திறக்கும், ஆனா உள்ள வந்தவங்க சேர்ந்து வேலை செய்யணும்னா அந்த எட்டு ஓட்டை விஷயத்துல நடந்த மாதிரி போன் பண்ணிக் கேக்குற பழக்கம் வேணும். ஒரு சின்ன விஷயம் சேர்த்துக்கங்க: பிரிட்டனோட முதல் அணு நீர்மூழ்கி ட்ரெட்நாட், 1963-ல கடற்படைக்கு வந்துச்சு, முன்பாதி பிரிட்டிஷ்காரங்க வடிவமைச்சது, பின்னாடி ரியாக்டர் எஞ்சின் எல்லாம் அமெரிக்காவுது. ரெண்டுக்கும் நடுவுல இருந்த தடுப்புல பெர்லின் சோதனைச்சாவடியை நினைச்சு செக்பாயின்ட் சார்லின்னு போர்டு மாட்டி வச்சிருந்தாங்களாம். ஒரே கப்பலுக்குள்ள எல்லைக்கோடு.

அடிலெய்டு_முத்து:

எல்லாருக்கும் வணக்கம். நான் அடிலெய்டுல பதினாலு வருஷமா இருக்கேன், பாதுகாப்புத் துறைக்கு பொருள் செய்யற ஒரு சப்ளையர்கிட்ட தரக்கட்டுப்பாடு வேலை. வெளிய எல்லாருக்கும் தெரிஞ்சதைத் தவிர வேற எதுவும் எழுத மாட்டேன், புரிஞ்சுக்குவீங்க.

டிடிசிபின்னா ஏதோ பெரிய பில்டிங், பெரிய ஆபீஸ்னு நினைக்காதீங்க. அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூணும் முதல்ல, 1965-ல ஆஸ்திரேலியா, அதுக்கு சில வருஷம் கழிச்சு நியூசிலாந்து. பொதுவா ஒரு உண்டியல் வச்சு எல்லாரும் பணம் போடுற மாதிரி கிடையாது. அவங்கவங்க நாட்டுல அவங்கவங்க காசுல நடக்குற ஆராய்ச்சியோட முடிவை மத்தவங்களுக்குக் காட்டுறது, ஒரே வேலைய அஞ்சு பேர் தனித்தனியா செய்யாம பிரிச்சுக்கிறது, அப்பப்போ ஒரு இடத்துல கூடி சோதனை பண்றது. 2018-ல நியூ சவுத் வேல்ஸ்ல ஜெர்விஸ் பே கடல்ல ஆளில்லாத படகு, ஆளில்லாத விமானம் எல்லாத்தையும் அஞ்சு நாடும் கொண்டு வந்து ஒண்ணா ஓட விட்டுப் பாத்தாங்க. ஒருத்தன் மெஷின் சொல்றது இன்னொருத்தன் மெஷினுக்குப் புரியுதாங்கிறது தான் அங்க பெரிய கேள்வியே.

சின்ன நாட்டுக்கு இதுல என்ன லாபம்னு கேப்பீங்க. நுல்கான்னு ஒண்ணு இருக்கு, பழங்குடி மொழில வேகமா இருன்னு அர்த்தம். கப்பல்ல இருந்து மேல கிளம்பி அந்தரத்துலயே நின்னுக்கிட்டு மெல்ல நகர்ற ராக்கெட் அது. வர்ற ஏவுகணைக்கு, நான்தான் கப்பல்னு காட்டி தன் பக்கம் இழுத்துட்டுப் போயிடும். அந்தரத்துல நிக்க வைக்கிற வித்தை ஆஸ்திரேலியாவோடது, உள்ள இருக்குற எலெக்ட்ரானிக்ஸ் அமெரிக்காவுது. இன்னிக்கு அமெரிக்கக் கடற்படைக் கப்பல்ல அது இருக்கு. இவ்ளோ கொஞ்சம் ஜனத்தொகை இருக்குற நாடு செஞ்ச பொருளை அவ்ளோ பெரிய கடற்படை தன் உயிரைக் காப்பாத்திக்க வச்சிருக்குன்னா அது சாதாரணமா?

இன்னொண்ணு ஜிண்டாலி. வானத்துல இருக்குற அயனி மண்டலத்துல அலையை மோத விட்டு, அடிவானத்துக்கு அந்தப் பக்கம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்குற விமானத்தைப் பாக்குற ரேடார். 70-கள்ல அமெரிக்க ஆராய்ச்சியோட உதவில ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பக்கத்துல ஆரம்பிச்சாங்க, இங்கேயே வருஷக்கணக்கா வளர்த்தாங்க. 2025 மார்ச்ல கனடா, எங்க வட துருவப் பக்கத்துக்கு இது வேணும்னு ஆஸ்திரேலியாகிட்ட வாங்கப் போறதா அறிவிச்சுட்டாங்க. வாங்கின கை கொடுக்குற கையா ஆக ஐம்பது வருஷம் ஆகியிருக்கு.

விமானப்பித்தன்:

ப்ரோ, ஆராய்ச்சி அளவுல எல்லாம் சுமுகமா போகும், பொருளா செய்யற கட்டம் வந்தா தான் அடிதடி. யாருக்கு எவ்ளோ வேலை, எந்த ஊர்ல ஃபேக்டரி, சாஃப்ட்வேர் யார் கையில, இதுதான் சண்டை. டொர்னாடோ போர் விமானத்தை பிரிட்டன், மேற்கு ஜெர்மனி, இத்தாலி மூணும் சேர்ந்து செஞ்சு 1974-ல பறக்க விட்டாங்க, ஓரளவு நல்லாவே போச்சு. அடுத்த விமானத்துக்கு பிரான்ஸும் சேர்ந்துச்சு, விமானந்தாங்கிக் கப்பல்ல இறங்குற மாதிரி சின்னதா வேணும், தலைமையும் எனக்கே வேணும்னு நின்னுச்சு, ஒத்து வரல, 1985-ல வெளியேறி ரஃபேல் செஞ்சுக்கிச்சு. மத்தவங்க யூரோஃபைட்டர் செஞ்சாங்க. அமெரிக்காவோட எஃப்-35 போர் விமானத் திட்டத்துல பாத்தீங்கன்னா பிரிட்டன் தான் முதல் தட்டு பார்ட்னர், அவங்களே 2006-ல சாஃப்ட்வேர் விவரம் தரலன்னா திட்டத்தை விட்டே போயிடுவோம்னு மிரட்டி தான் வேலைய நடத்திக்கிட்டாங்க. துருக்கி அதுக்கு நூத்துக்கணக்குல பாகம் செஞ்சு கொடுத்துட்டு இருந்த நாடு, 2019-ல ரஷ்யாகிட்ட எஸ்-400 வான் பாதுகாப்பு ஏவுகணை வாங்கினதும் ஜூலைல வெளிய அனுப்பிட்டாங்க. பார்ட்னர்னு போட்ட கையெழுத்து அவ்ளோதான் தாங்கும்.

மீனா_மதுரை:

நடுவுல புகுந்து கேக்குறதுக்கு மன்னிக்கணும், நம்ம பிரம்மோஸ் இந்தக் கணக்குல வருமா?

விமானப்பித்தன்:

தாராளமா வரும்ங்க. 1998 பிப்ரவரி 12 ஒப்பந்தம், இந்தியாவுக்கு 50.5 சதவீதம், ரஷ்யாவுக்கு 49.5. பிரம்மபுத்திராவும் மாஸ்க்வா ஆறும் சேர்ந்த பேர். 2001 ஜூன் 12 முதல் சோதனை. அதுல ஒரு விஷயம் பாருங்க, ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு அமைப்புல ரஷ்யா உறுப்பினர், 300 கிலோமீட்டருக்கு மேல போறதை வெளிய கொடுக்கக் கூடாதுங்கிறது அதுல ஒரு அளவுகோல், அதனால 290-னு நிறுத்தினாங்க. 2016 ஜூன்ல இந்தியாவும் அதுல சேர்ந்துச்சு, அதுக்கப்புறம் தூரத்தைக் கூட்டுற வேலை ஆரம்பிச்சுது. ஏவுகணை அதே ஏவுகணைதான், நாம எந்தப் பக்கம் உக்காந்திருக்கோம்ங்கிறது தான் மாறுச்சு.

கோவை_டிசைனர்:

எல்லாருக்கும் மனசார நன்றி, இவ்ளோ வரும்னு நினைக்கவே இல்ல. முத்து அண்ணா, ஒண்ணே ஒண்ணு. நான் ஆஸ்திரேலியாவுக்கு வந்துட்டா அந்தப் பொட்டிக்குள்ள என்ன இருக்குன்னு பாக்குற வேலை எனக்குக் கிடைக்குமா?

அடிலெய்டு_முத்து:

தம்பி, உங்ககிட்ட மறைக்காம சொல்லிடறேன். குடியுரிமை வாங்குற வரைக்கும் அந்தக் கதவுப் பக்கமே போக முடியாது. வாங்கினப்புறம் பாதுகாப்பு அனுமதிக்கு கொஞ்சம் மேல் படின்னா பத்து வருஷத்துக்கு எங்க இருந்தீங்க என்ன பண்ணீங்கன்னு ஆதாரம் கேப்பாங்க. அதுக்கு மேல ஐடார்னு அமெரிக்காவோட ஆயுத ஏற்றுமதி விதி. அது ரொம்ப வருஷமா நீங்க எந்த நாட்டுக் குடிமகன்னு மட்டும் பாக்கல, எங்க பிறந்தீங்கன்னும் பாத்துச்சு. இங்க பாகுபாடு காட்டக் கூடாதுன்னு சட்டம் இருக்கு, அந்தச் சட்டத்துல இருந்து விலக்கு வாங்கித்தான் கம்பெனிகள் ஆளைப் பிரிச்சு வச்சாங்க. எனக்கும் நடந்திருக்கு. குடியுரிமை விழாவுல கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்தவன், ஆனா மதியம் மூணு மணி மீட்டிங்குக்கு மட்டும் நான் வெளிய காபி மெஷின் பக்கத்துல நிக்கணும், கூட வேலை பாக்குறவங்க உள்ள போவாங்க. அது வலிச்சுது, இன்னிக்கும் மறக்கல. 2024 செப்டம்பர்ல இருந்து ஆக்கஸ் மூணு நாட்டுக்குள்ள பெரும்பாலான பொருளுக்கு லைசென்ஸ் வேண்டாம்னு விலக்கு வந்திருக்கு, விலக்குல சேராத பட்டியல்னும் ஒண்ணு இருக்கு. முன்னைக்கு இப்போ பரவாயில்ல, வாங்க, ஆனா எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு வாங்க.

பழைய_ரேடார்காரன்:

தம்பி, அது இருக்கட்டும், அந்தப் பிராக்கெட் என்னாச்சு? பொட்டிக்குள்ள எவ்ளோ சூடுன்னு கேட்டா அவங்க வாயை மூடிக்கத்தான் செய்வாங்க, அந்த நம்பரை வச்சு உள்ள எவ்ளோ பவர்னு கண்டுபிடிச்சுடலாம்ல. உங்க பிராக்கெட் எங்க தொடுதோ அந்த இடத்துல வெளிச்சுவர்ல அதிகபட்சம் எவ்ளோன்னு மட்டும் கேளுங்க. அது உங்களுக்கு வேண்டிய விஷயம், அவங்க கொடுக்கக் கூடிய விஷயம். மேனேஜர் மூலமாவே எழுத்துல கேளுங்க.

கோவை_டிசைனர்:

நீங்க சொன்ன மாதிரியே எழுதிக் கேட்டேன் சார். எட்டு நாள் கழிச்சு பதில் வந்துச்சு, ஒரே ஒரு நம்பர், வேற ஒரு வார்த்தை கிடையாது. நாங்க அலுமினியத்துல போட்டு வச்சிருந்தோம், அந்தச் சூட்டுக்கு அது தாங்காது. இன்னிக்கு டைட்டானியத்துக்கு மாத்தி மறுபடியும் வரைஞ்சுக்கிட்டு இருக்கேன்.